கிழக்கே கரோவா வரை

சாவோ லொங்கின்யோ நகராட்சியின் கிழக்கு எல்லை ஒரு பசுமாடு. வெள்ளை மாடு, இடது கொம்பு கொஞ்சம் உள்பக்கமாக வளைந்தது, பெயர் கரோவா. அந்த ஊர்ப் பேச்சில் தூறல் என்று அர்த்தம். வடக்கே கறுப்புப் பாறையிலிருந்து கரோவா வரை ஒரு நேர்கோடு, கரோவாவிலிருந்து தெற்கே ஆற்றுப்பாலம் வரை இன்னொரு நேர்கோடு. இந்தக் கோட்டுக்கு மேற்கே இருப்பதெல்லாம் லொங்கின்யோ, கிழக்கே இருப்பதெல்லாம் பாரா டோ சீனோ. மாடு நின்றால் எல்லை நிற்கும். மாடு நடந்தால் எல்லையும் கூடவே நடக்கும். 1962ஆம் வருடம் டிசம்பர் மாதக் கடைசியில் சட்டமானதிலிருந்து இதில் மாற்றமில்லை. நான்கு முறை திருத்தப் பார்த்தார்கள். நான்கு முறையும் மனுவை எடுத்துக்கொண்டு தலைநகருக்குப் போனவர்கள் அங்கேயே ஏதாவது வேலை கிடைத்துத் தங்கிவிட்டார்கள்.

இது யாருடைய குறும்பும் இல்லை, மினாஸ் மலைநாட்டு மனிதர்களின் பழக்கம். அங்கே வழி கேட்டால் தெருவின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், பிராணியைச் சொல்வார்கள். விதவையின் கோவேறு கழுதை நிற்கும் இடத்தில் மேலே ஏறு, வெள்ளை மாடு படுத்திருக்கும் இடத்தில் இடது கைப் பக்கம் திரும்பு என்பார்கள். மனிதன் வீட்டை விற்றுவிட்டுப் போவான், தெருவுக்கு அரசாங்கம் வேறு பெயர் வைக்கும், மாடு அது பாட்டுக்கு அங்கேயே படுத்திருக்கும். அந்தக் காலத்தில் லொங்கின்யோ, சீனோவின் ஒரு வார்டு. டாக்டரை சீனோ வைத்துக்கொண்டது, வரியை சீனோ வாங்கிக்கொண்டது. திருவிழா ஊர்வலத்தில் சீனோவின் புனிதர் மதியச் சாப்பாட்டுக்குக் கோயில் திரும்பும்வரை லொங்கின்யோவின் புனிதர் வெயிலில் காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் லொங்கின்யோவின் புனிதர் லேசுப்பட்டவர் இல்லை. காணாமல்போனதைக் கண்டுபிடித்துத் தருபவர். கிடைத்ததும் மூன்று முறை குதித்து நன்றி சொன்னால் போதும், வேறு காணிக்கை கேட்பதில்லை. அந்த வருடம் தலைநகரில் கேட்டவர்க்கெல்லாம் நகராட்சி அந்தஸ்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை பேருந்துக்குள் எல்லை விவரம் எழுதி அனுப்ப வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. மருந்துக்கடைக்காரர், கசாப்புக்கடைக்காரர், பங்குச் சாமியார் மூன்று பேரும் மருந்துக்கடையில் உட்கார்ந்து, வழிப்போக்கனுக்கு எப்படிச் சொல்வார்களோ அப்படியே எழுதினார்கள்: கறுப்புப் பாறையிலிருந்து அனக்லேட்டோவின் வெள்ளை மாடு வரை, அங்கிருந்து நேரே பாலம் வரை. மாடு ஒன்பது வருடமாக அதே மேட்டில்தான் படுத்திருந்தது. பேருந்தைவிட நம்பகமான மாடு என்று மூவருக்கும் அபிப்பிராயம். தலைநகரில் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள். அரசிதழில் வந்த அன்று காலை ஊரே தெருவில் மூன்று முறை குதித்தது. அதே காலையில் கரோவா எழுந்து நடக்க ஆரம்பித்தது.

முதலில் மழைதான் விஷயத்தைப் புரிந்துகொண்டது. சீனோவுக்குப் பெய்யும் மழை கோடு வரை வந்து, கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் நின்றுவிடும். கோட்டுக்கு இந்தப் பக்கம் புழுதி பறக்கும். பிறகு நாய்கள் புரிந்துகொண்டன. துரத்திக்கொண்டு வரும் நாய் கோட்டைத் தொட்டதும் குரைப்பைப் பாதியில் விழுங்கிவிட்டுத் திரும்பிப் போகும். தூங்கும்போது மாடு நடந்து, வீடு பக்கம் மாறிவிட்டால், எழுந்திருப்பவர்கள் வேறு கால்பந்து அணியின் ரசிகர்களாக எழுந்தார்கள். அப்பனும் மகனும் ஒரே வீட்டில் வெவ்வேறு அறையில் படுத்திருந்தால் காலைச் சாப்பாடு சண்டையில் முடியும். 1971இல் ஒரு பெண்ணுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. மூத்தவன் பிறந்து இளையவன் பிறப்பதற்குள் கரோவா ஜன்னலோரம் நடந்துபோய்விட்டபடியால் மூத்தவன் லொங்கின்யோக்காரன், இளையவன் சீனோக்காரன். இருவரும் இன்றைக்கும் ஒருவரையொருவர் அசலூரான் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள்.

கரோவாவுக்கு வயதாகவில்லை. ஒன்பது வயதில் எல்லையாயிற்று, ஒன்பதிலேயே நின்றுவிட்டது. சொந்தக்காரர் அனக்லேட்டோ கிழவராகி 1980இல் போய்ச் சேர்ந்தார், மாடு தினமும் இரண்டு லிட்டர் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. கால்நடை டாக்டர் ஒருவர் வந்து பல்லைப் பிடித்துப் பார்த்து, இது சட்டப்படி எல்லைக்கல், கல்லுக்கு ஏது வயது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். அனக்லேட்டோவின் ஒரே மகள் ஜெனெரோசாவை நகராட்சி எல்லைக் காவலராக நியமித்தது. வருடத்துக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், ஒரு தார்ப்பாய். கரோவா யார் இழுத்தாலும் வராது, யார் ஓட்டினாலும் போகாது, ஜெனெரோசா முன்னால் நடந்தால் மட்டும் பின்னால் வரும். சில நாள் ஜெனெரோசாவுக்கும் அடங்காமல் தன் இஷ்டத்துக்குப் போகும், அது வேறு. சட்டம் பிறக்கும்போது ஜெனெரோசாவுக்கு இரண்டு வயது. அம்மாவின் முகம் ஞாபகமில்லாத அந்தப் பெண்ணுக்கு அந்த மாட்டின் வயிற்றுச் சூடுதான் முதல் ஞாபகம். மாட்டின்மேல் உயிரையே வைத்திருந்தாள். அதை யாரிடமும் மறைத்ததில்லை.

கரோவாவின் உயிர் சட்டத்தில் இருக்கிறது என்பது 1989 மே மாதம்தான் தெரிந்தது. தலைநகரில் பழைய சட்டங்களையெல்லாம் புதுப் புத்தகத்தில் ஏற்றியபோது ஒரு பக்கம் விடுபட்டுப்போயிற்று. அந்தப் பக்கத்தில் லொங்கின்யோ இருந்தது. அன்று பகல் பதினொரு மணிக்கு மேய்ந்துகொண்டிருந்த மாடு நாலு காலையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு விழுந்தது. ஊரில் ஜனங்கள் சொந்த அடுப்பங்கரையில் வழி தவறினார்கள். தபால்காரர் தன் வீட்டையே கண்டுபிடிக்க முடியாமல் மூன்று நாள் மாதா கோயிலில் தங்கினார். ஜெனெரோசா மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கழுகுகளைக் கல்லால் அடித்தாள். அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. அடுத்த மாதம் புனித யோவான் திருவிழாவுக்கு அவளுக்கும் கொத்தொவேலோ குக்கிராமத்துப் பாலாடைக்கட்டி வியாபாரி அர்லிண்டோவுக்கும் கல்யாணம் என்று நிச்சயம் செய்திருந்தது. மூன்றாம் நாள் அர்லிண்டோ வந்தான். தோளில் மண்வெட்டி இருந்தது.

“புதைக்கவா வந்த?” என்று கேட்டாள் ஜெனெரோசா. அவன் பதில் சொல்வதற்குள் கழுகுக்கு வைத்திருந்த கல் பறந்து வந்தது. அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். அவ என்னைக் கூப்பிடாதவரைக்கும் அவ இருக்கிற திசையில ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன் என்று மதுக்கடையில் பத்துப் பேர் முன்னால் சத்தியம் பண்ணினான். கொத்தொவேலோ மண்ணில் கால் வைப்பதில்லை, அந்த ஆளோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று இவள் சத்தியம் பண்ணினாள். பதினோராம் நாள் தலைநகரில் விட்டுப்போன பக்கத்தைச் சேர்த்தார்கள். கரோவா ஒரு தும்மல் போட்டு எழுந்து, எதுவும் நடக்காததுபோல் புல்லைக் கடித்தது. ஊரே மூன்று முறை குதித்தது. கல்யாணத்துக்கு வளர்த்த பன்றியை அந்தக் கொண்டாட்டத்தில் சாப்பிட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு முப்பத்து மூன்று வருடம். அர்லிண்டோவின் சத்தியம் சொல்ல எளிது, காப்பாற்றுவது பெரும்பாடு. ஜெனெரோசா மாட்டோடு இருப்பாள், மாடு தினம் ஒரு இடத்தில் இருக்கும், ஆகவே போகக் கூடாத திசையும் தினம் மாறும். அவர் காலையில் எழுந்ததும் மலைமேல் ஏறி, வெள்ளைப் புள்ளி எங்கே தெரிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினார். கோயில் அந்தத் திசையில் விழுந்துவிட்டால் மலையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போய்ச் சேர்வார், பூசை முடிந்திருக்கும். இவள் சந்தையில் அவருடைய பாலாடைக்கட்டி இருக்கும் கடையைக் கடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள். இருவரும் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏனென்று யாரும் கேட்கவில்லை, கேட்டவர்களுக்குக் கல்லடிதான் கிடைத்தது.

2022இல் ஒரு புதுச் சட்டம் வந்தது. ஐயாயிரம் பேருக்குக் குறைந்த நகராட்சிகளைக் கலைத்து, எதிலிருந்து பிரிந்தனவோ அதோடு மறுபடி சேர்த்துவிடுவார்கள். ஆகஸ்ட் முதல் தேதி காலை யார் எந்த எல்லைக்குள் கண் விழிக்கிறார்களோ அவர்கள் அந்த ஊர்க் கணக்கு. லொங்கின்யோ மேயர் டெமோஸ்தெனிஸ் முன்கூட்டியே ஒரு ரகசியக் கணக்கெடுத்தார். நிறைமாதக் கர்ப்பிணிகள் இரண்டு பேரைக் கெஞ்சிக் கேட்டும் அவர்கள் அவசரப்பட மறுத்துவிட்டபடியால் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று வந்தது. அவர் ஜெனெரோசாவின் ஞானமகன், ஞானஸ்நானத்தில் அவரைக் கையில் ஏந்தியவள் அவள். பால் கறக்கும் நேரம் பார்த்துத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றார்.

“ஆசீர்வாதம் பண்ணுங்க ஞானம்மா.”

“ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும். காலங்காத்தால தொப்பியக் கழட்டிட்டு வந்து நிக்கிறேன்னா எதையோ கேக்கத்தான் வந்திருக்க. சொல்லித் தொல.”

“முப்பத்தொம்பது பேர் குறையுது. கோட்டுக்குக் கிழக்கால கொத்தொவேலோவுல சரியா முப்பத்தொம்பது பேர் இருக்காங்க. நீங்க முன்னால நடந்தா கரோவா பின்னால வரும்.”

“கொத்தொவேலோவா?” அவள் கை காம்பில் நின்றது. “அந்த மண்ணுல நான் காலு வைக்க மாட்டேன். என்ன பெருசா போயிடப்போவுது? ஒன் நாற்காலி போவும். ஒங்கப்பன் மாதிரி செருப்புத் தைக்கப் போ, உடம்பாவது இளைக்கும்.”

“நாற்காலி கெடக்குது ஞானம்மா. ஊரு ரெண்டும் ஒண்ணாயிட்டா எல்லை எதுக்கு? எல்லை இல்லேன்னா...”

மேயர் மாட்டைப் பார்த்தார். மேடை கிடைத்தால் இரண்டு மணி நேரம் இறங்காத மனிதர், அன்று அத்தோடு நிறுத்திக்கொண்டார். ஜெனெரோசா பதினொரு நாளை நினைத்துப் பார்த்தாள். குளிர்ந்துபோன வயிறு, வானத்தைப் பார்த்த குளம்புகள், கழுகின் நிழல். அப்போது சட்டம் தவறுதலாக விட்டுப்போனது, திரும்ப வந்தது. இந்தமுறை வேண்டுமென்றே எடுப்பார்கள், திரும்ப வராது. அறுபத்திரண்டு வயதில் அவளுக்குப் பயம் வந்தது. செம்பைக் கீழே வைத்துவிட்டு, கொடியிலிருந்த துணியை எடுத்து மூட்டை கட்டினாள்.

கொத்தொவேலோவுக்கு ஏழு கிலோமீட்டர், மாட்டு நடைக்கு இரண்டு நாள். சீனோவின் மேயர் சும்மா இருப்பாரா? வழியெல்லாம் உப்புக்கட்டி வைத்தார், இளம் சோளக்கதிர் குவித்தார். கழுத்தில் ரிப்பன் கட்டிய பொலிகாளை ஒன்றை மேட்டில் நிறுத்தி, எதிர்த்திசையில் நடந்தபடி வால்ஸ் நடன இசை வாசிக்கும்படி ஊர் பேண்டு கோஷ்டிக்கு உத்தரவிட்டார். கரோவா உப்பை நக்கியது, சோளத்தைத் தின்றது, காளையைக் கல்யாண வீட்டில் யாரோ தெரியாத விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தது, ஜெனெரோசாவின் பின்னால் நடந்தது. போகப் போக ஊர் வளர்ந்தது. ஒரு சவரக்கடையில் இடது கன்னத்தைச் சீனோவில் மழித்துக்கொண்ட ஆள் வலது கன்னத்தை லொங்கின்யோவில் மழித்துக்கொண்டார். சீனோ போட்ட தார்ச்சாலை மாட்டின் குளம்புக்குப் பின்னால் செம்மண்ணாக மாறிக்கொண்டே வந்தது. லொங்கின்யோவுக்குத் தார் போட வக்கில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். பேண்டு கோஷ்டியில் டிரம் அடிப்பவர் மெதுவாக நடந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். உடனே லொங்கின்யோ கீதத்தை அடிக்க ஆரம்பித்தார், அதுவரை அதை அவர் கேட்டதே இல்லை. இரவு தூங்க மட்டும் சீனோ வீட்டுக்கே திரும்பிப் போனார்.

ஜூலை முப்பத்தொன்றாம் தேதி மாலை நாலு மணிக்குக் கொத்தொவேலோவுக்குள் நுழைந்தார்கள். ஜனங்கள் வெடி போட்டு வரவேற்றார்கள். செவ்வாய்க்கிழமை தோறும் கோடு தாண்டி வரும் லொங்கின்யோ நர்சை அவர்களுக்குப் பிடிக்கும். சீனோ நர்ஸ் ஊசியைக் குத்திவிட்டுத்தான் என்ன வியாதி என்று கேட்பாள். கரோவா ஒவ்வொரு வீடாகக் கடந்தது. மேயர் கூடவே விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தார். பத்து, இருபத்தொன்று, முப்பது, முப்பத்தெட்டு. கடைசி வீடு நீலக் கதவு போட்ட அர்லிண்டோவின் வீடு. அதன் வேலிக்கு ஒன்பது அடி முன்னால் கரோவா முன்னங்காலை மடித்தது, பின்னங்காலை மடித்தது, படுத்துவிட்டது. நெடுந்தூரம் நடந்து படுத்தால் மூன்றாம் நாள் காலைதான் எழும், அந்தப் பழக்கத்தை மாற்ற அரசாங்கத்தாலும் முடியாது. நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.

மேயர் வேலியைப் பிடித்துக்கொண்டு, “அர்லிண்டோ ஐயா, ஒம்போதே அடி! வெளிய வந்து இந்தப் பக்கம் படுத்துக்கங்க, காலைல திரும்பிப் போயிடலாம்!” என்று கத்தினார். இழுத்துக்கொண்டு வரவும் வழியில்லை. முற்றம் இன்னும் சீனோ மண், அங்கே சீனோ போலீஸ் சார்ஜெண்ட் ஒருவர் நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். அர்லிண்டோ அவருக்குப் பாலாடைக்கட்டியும் கொய்யாப்பழ ஜாமும் தட்டில் வைத்துக் கொடுத்திருந்தார்.

ஜன்னலிலிருந்து அர்லிண்டோவின் குரல் வந்தது. “எனக்கு யார்மேலயும் கோவம் இல்ல மேயரே. ஆனா பத்துப் பேர் முன்னால ஒரு வார்த்த குடுத்திருக்கேன். அவ கூப்பிடட்டும்.”

“அந்தப் பத்துப் பேர்ல ஒம்போது பேர் செத்துட்டாங்கய்யா!”

“ஒருத்தன் இருக்கான்ல?”

எல்லாரும் ஜெனெரோசாவைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் விலாவில் காதை வைத்தாள். உள்ளே இதயம் நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது, நாளைக்கு என்ன ஆகும் என்கிற கவலை கொஞ்சமும் இல்லாமல். அதைக் கேட்கக் கேட்க அவளுக்கு அழுகை முட்டியது. இதற்காகக் கல்யாணத்தை விட்டேன், இப்போது ரோஷத்துக்காக இதையும் விடவா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ரோஷம் பெரிதுதான், ஆனால் அது பால் கொடுக்காது, குளிருக்குச் சாய்ந்துகொள்ள உதவாது. வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு வேலியோரம் போய் நின்றாள்.

“அர்லிண்டோ.”

“யாரு?”

“யாருன்னு தெரியாத மாதிரி கேக்காத. தெனம் காலைல மலைமேல ஏறி நின்னு நீ என்னப் பாக்குறது ஊருக்கே தெரியும்.”

“நீ எந்தத் திசையில இருக்கேன்னு தெரிஞ்சாத்தான் அந்தத் திசையில போகாம இருக்க முடியும். சத்தியம்னா சும்மாவா?”

சார்ஜெண்ட் மெல்லுவதை நிறுத்தினார். ஜெனெரோசா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னைக்கு மண்வெட்டியோட எதுக்கு வந்த?”

“மூணு நாளா நீ சாப்பிடல, தூங்கல. மாடு நாறினா நீ இன்னும் உடைஞ்சு போயிடுவேன்னு பயந்தேன். தனியாக் குழி வெட்டி நீ சிரமப்படக் கூடாதுன்னு வந்தேன். கல்லால அடிச்ச. இங்க பாரு, இன்னும் தழும்பு இருக்கு.”

“அது சாகல.”

“எனக்கெப்படித் தெரியும்? நாலு காலையும் மேல தூக்கிக்கிட்டுக் கெடந்துச்சு!”

ஜெனெரோசா திரும்பி மாட்டைப் பார்த்தாள்.

“பாக்குறவங்க கண்ணுக்குச் செத்த மாதிரிதான் இருந்துச்சு. அது நெசம்தான். நீ நல்லதுக்குத்தான் வந்திருக்க, நான்தான் கேக்கல.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “வா. நான் கூப்பிடுறேன். மெத்தையையும் எடுத்துட்டு வா, தரை சில்லுன்னு இருக்கு.”

நீலக் கதவு திறக்க வெகுநேரம் ஆயிற்று. அவர் சட்டை மாற்றிக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, மெத்தையைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். அந்தத் திசையில் எடுத்து வைத்துப் பழக்கமில்லாத கால், வேலிப் படலைத் தாண்டும்போது தடுக்கியது. சீனோ மேயர் தூரத்திலிருந்து, “சார்ஜெண்ட்! தடுய்யா!” என்று அலறினார். சார்ஜெண்ட் யோசித்துப் பார்த்து, ஆளை யாரும் இழுத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் உத்தரவு, தானாகப் போகிறவரைப் பற்றி உத்தரவு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு மிச்ச ஜாமைச் சாப்பிட்டார். கரோவாவின் மேற்குப் பக்கம் தார்ப்பாய் கட்டி, மெத்தையை விரித்தார்கள். இவள் மாட்டின் மேல் சாய்ந்துகொண்டாள், அவர் மெத்தையில் படுத்துக்கொண்டார். அன்று அவர்கள் என்ன பேசினார்கள் என்று தெரிந்துகொள்ளக் கொத்தொவேலோவே வேலிகளின் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தது. பாலாடைக்கட்டிக்கு உப்பு எவ்வளவு போட வேண்டும் என்பது பற்றித்தான் பேசினார்கள். அதிலும் சண்டை வந்தது.

காலை ஏழு மணிக்குக் கணக்கெடுப்பாளர் ஜுசிலேனி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். தலைநகர்ப் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும். மாடு எல்லையாக இருப்பதைப் பற்றி அவளுக்கு ஆட்சேபணை இல்லை, போன கணக்கெடுப்பில், நடு ஆறு எல்லையாக இருந்த ஊரில் கழுத்தளவு நீரில் நின்று கணக்கெடுத்திருக்கிறாள். முப்பத்தெட்டுப் பேரைக் கையடக்கக் கருவியில் பதிந்துகொண்டு கடைசியாகத் தார்ப்பாய்க்கு வந்தாள். இரண்டு மேயர்களும், இரண்டு ஊர் ஜனங்களும், பேண்டு கோஷ்டியும் மூச்சு விடாமல் நின்றார்கள்.

“இது ஒரு வீடா, ரெண்டு வீடா?”

“ஒரே தார்ப்பாய்தானேம்மா” என்றாள் ஜெனெரோசா.

“அப்ப ஒரு வீடு. குடும்பத் தலைவர் யாரு?”

“நான்தான்” என்றார்கள் இருவரும்.

ஜுசிலேனி காத்திருந்தாள். இந்த இடத்தில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது அவளுக்கு அனுபவத்தில் தெரியும். அர்லிண்டோ மெத்தையின் ஓரத்தைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். “அவ பேரையே எழுதும்மா. அவளுக்குப் பின்னால போறதுதான் இங்க வழக்கம்.”

கருவியில் இருவர் பெயரும் ஏறின. அந்த நிமிடமே ஐயாயிரம் ஆகிவிட்டது என்று கணக்குத் தெரிந்த யாரோ கூட்டத்தில் சொன்னார்கள். மேயர் டெமோஸ்தெனிஸ் தரையில் உட்கார்ந்து குழந்தைபோல் விசும்பினார், டிரம்காரர் ஒரு அடி அடித்தார். கரோவா வாலால் ஒரு ஈயை விரட்டியது. ஊர் பிழைத்தது, மாடு பிழைத்தது. ஜெனெரோசா கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் ஜுசிலேனி கருவியை மூடவில்லை.

“இன்னும் முடியல. இவரு தலைவருக்கு என்ன உறவு? கணவர், மகன், பேரன், சகோதரர், வேலையாள், குடியிருப்பவர், உறவில்லாதவர். எதுன்னு சொன்னாத்தான் அடுத்த பக்கம் போகும்.”

எதைச் சொன்னாலும் கணக்கு கணக்குதான், ஐயாயிரம் மாறப்போவதில்லை. உறவில்லாதவர் என்று சொல்லிவிட்டு எழுந்து வீட்டுக்குப் போகலாம். அர்லிண்டோ தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு, பாலாடைக்கட்டிக்கு உறை ஊற்ற நேரமாகிறது என்பதுபோல் தன் வீட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய காது சிவந்திருந்தது. ஜெனெரோசா அந்தக் காதைப் பார்த்தாள்.

“கணவர்” என்றாள்.

ஜுசிலேனி அதை அழுத்தினாள்.

“எத்தன வருஷமா?”

“முப்பத்து மூணு.”

“முப்பத்திரெண்டுதான்” என்றார் அர்லிண்டோ, திரும்பாமலே. “மொத வருஷம் எனக்கு நெஜமாவே கோவம். அதச் சேக்கக் கூடாது.”

“மிச்ச வருஷமெல்லாம் என்னவாம்?”

“மிச்சமெல்லாம் சும்மா பிடிவாதம்.”

குடும்பத் தலைவர் சொல்வதைத்தான் பதிய வேண்டும் என்பது விதி. ஜுசிலேனி முப்பத்து மூன்று என்று அழுத்தினாள். கருவி மறு கேள்வி கேட்காமல் அடுத்த பக்கத்துக்குப் போயிற்று.